மின்சூளைக்கு எந்த சுவிட்ச்: மூன்று நிலையா, இன்ஃபினிட்டா?

மட்பாண்டம் சுடும் மின்சூளையில் இருந்த லோ, மீடியம், ஹை சுவிட்சுகளைக் கழற்றிவிட்டு, சூட்டை எந்த அளவிலும் வைக்க விடும் இன்ஃபினிட் சுவிட்சுக்கு மாறிவிட்டேன். இன்றைக்கு மறுபடி வாங்கினாலும் அதையேதான் வாங்குவேன்.

மூன்று நிலை சுவிட்சில், சூளையைச் சூடாக்கும் இரண்டு கம்பிச்சுருள்களும் (காயில்) தொடராக ஓடினால் லோ, ஒன்று மட்டும் ஓடினால் மீடியம், இரண்டும் இணையாக ஓடினால் ஹை. காயில்கள் ஒரே அளவு என்றால் கால், அரை, முழுச் சக்தி. நடுவில் எதுவும் கிடையாது. சரியாகக் காயாத தடித்த பாத்திரத்துக்குக் கால் பங்கு சூடே அதிகமாகி, உள்ளே நீராவி கட்டி வெடிக்கலாம். இன்ஃபினிட்டில் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். சுவிட்சுக்கு உள்ளே ஒரு குட்டி ஹீட்டர், இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஈருலோகப் பட்டையைச் சூடாக்கும். பட்டை வளைந்து, மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும்.

உழைப்பில் பழைய வகைக்குத்தான் பலம். நாம் திருப்பினால் மட்டுமே அதன் தொடுமுனைகள் அசையும். இன்ஃபினிட்டில் அவை ஓயாமல் திறந்து மூடித் தேயும். சில நேரம் ஒட்டிக்கொண்டு, குமிழைக் குறைத்தாலும் சூடு குறையாது. அதனால் சுடும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

ஆனால் என்னை மாற வைத்தது பழுதுபார்க்கும் வேலைதான். மூன்று நிலை சுவிட்சில் எந்த நிலையில் எந்த முனை எதோடு சேரும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பார்க்க ஒன்றுபோல இருப்பதை மாட்டினால் ஷார்ட் ஆகலாம். இன்ஃபினிட்டில் பெரும்பாலும் எல்1, எல்2 (மின்சாரம் வரும் முனைகள்), எச்1, எச்2 (காயிலுக்குப் போகும் முனைகள்), பி (அடையாள விளக்குக்கு) என்று பொறித்திருக்கும். முனைகளின் இடம் மாறலாம், அதனால் எழுத்தைப் பார்த்து வயர்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பிரேக்கரை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். 240 வோல்ட் சூளையில் 120 வோல்ட் சுவிட்ச் போட்டால் உள்ளே இருக்கும் ஹீட்டர் கருகிவிடும். ஆம்பியரும் காயில் இழுப்பதற்குக் குறையக் கூடாது.

ரிலேயோடு, அதாவது மின்சாரத்தால் தானே இயங்கும் சுவிட்சோடு, வரும் டிஜிட்டல் கன்ட்ரோலரில் எனக்குப் பழக்கம் குறைவு. வசதி அதிகம்தான், ஆனால் ரிலேயும் தேயும் பொருளே.

எந்த வகை என்றாலும் வயர் நுனியில் இருக்கும் பழைய டெர்மினலைப் (செருகும் உலோக முனை) புது சுவிட்சில் செருகாதீர்கள். தளர்ந்த டெர்மினல் சூடேறி, வயரின் உறை கறுத்துப் பொடியாக உதிரும். புது சுவிட்சும் அதே இடத்தில் கருகும். கறுத்த பகுதியை, செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை வெட்டுங்கள். அப்புறம் அதிக வெப்பம் தாங்கும் நிக்கல் பூசிய டெர்மினலை அழுத்திப் பொருத்தி, இழுத்துப் பாருங்கள், அசையவே கூடாது.