வயிற்றுக் கிருமிக்கு 14 நாள் மாத்திரை: மூலிகையை எப்போது எடுப்பது?

இரைப்பையில் எச். பைலோரி கிருமி இருப்பதாக எண்டோஸ்கோப்பி முடிவு வந்ததும், பல வீடுகளில் இரண்டு சீட்டுகள் சேர்ந்துவிடுகின்றன. ஒன்று மருத்துவர் எழுதிய 14 நாள் மாத்திரைச் சீட்டு. மற்றொன்று அதிமதுரம், சங்கு பற்பம், மணத்தக்காளிக் கீரை என்று உறவினர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டது. மாத்திரைக்குப் பதிலாக மூலிகையா, இரண்டும் சேர்த்தா, ஒன்றை முடித்து மற்றதா?

முதல் வழியை நான் ஏற்கவில்லை. கீரையால் எரிச்சல் தணியலாம். பிராக்கோலி முளையில் உள்ள சல்ஃபோராஃபேன் கிருமியின் அளவைக் குறைப்பதாகவும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஆனால் குறைவது வேறு, ஒழிவது வேறு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்த கிருமியை, எரிச்சல் நின்றதே போதும் என்று விட்டுவைக்க முடியாது.

சேர்த்து எடுப்பது நடுநிலையான வழிபோலத் தோன்றினாலும் சிக்கல் அதிகம் அங்கேதான். சங்கு பற்பத்தில் கால்சியமும் அயச்செந்தூரத்தில் இரும்பும் உண்டு. இந்தக் கிருமிக்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துத் தரும் சிகிச்சையில் வரும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் இவற்றோடு பிணைந்து, உடலில் சேராமல் வெளியேறிவிடும். (பாலோடு விழுங்கினாலும் இதே கதைதான்.) அரிஷ்டங்கள் என்ற ஆயுர்வேதத் திரவ மருந்துகள் புளிக்கவைத்துச் செய்யப்படுவதால் அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டாகிறது, அதே சிகிச்சையில் வரும் மெட்ரோனிடசோல் மாத்திரையை எடுக்கும்போதோ மது கூடாது என்பது எச்சரிக்கை. பாட்டிலில் 'மருந்து' என்றிருப்பதால் அது நினைவுக்கு வருவதில்லை. அதிமதுரத்தை அதிகமாகவோ தொடர்ந்தோ எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். இந்தக் கிருமிக்குத் தரப்படும் மற்றோர் ஆன்டிபயாடிக்கான, இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடிய கிளாரித்ரோமைசினோடு அது சேரவே கூடாது. சமையலில் விழும் மஞ்சளும் சீரகமும் இந்தக் கணக்கில் வாரா. சூரணமாகவும் மாத்திரையாகவும் எடுப்பவையே வரும்.

ஆகவே மூன்றாவது வழியே எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் கடைசி மாத்திரைக்கு மறுநாளே தொடங்குவதாக அல்ல. கிருமி ஒழிந்ததா என்று பார்க்கும் மூச்சுச் சோதனையையோ மலப் பரிசோதனையையோ, ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 வாரம் நிறுத்திய பிறகே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கிருமியும் இல்லை என்றே காட்டக்கூடும். கிருமியை அடக்கக்கூடிய எதையும் அதுவரை தள்ளிவைத்து, முடிவு கைக்கு வந்தபின் அதிமதுரத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.