அண்ணா நூற்றாண்டு நூலகம்: இரண்டாம் தளத்துக்காகவே போகலாம்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கட்டடத்தின் பிரம்மாண்டத்தைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது புத்தகங்களைப் பிரித்து வைத்திருக்கும் விதம்.

மூன்றாம் தளத்தில் தத்துவம், சமயம், சமூகவியல். நான்கில் பொருளாதாரம், சட்டம், இலக்கியம். ஐந்தில் அறிவியல், மருத்துவம். ஆறில் பொறியியல், வேளாண்மை, கலை. ஏழில் வரலாறு, புவியியல். நூல்களைப் பொருள் வாரியாக எண்ணிட்டு அடுக்க, அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-இல் வகுத்த தசமப் பகுப்பு வரிசைதான் ஏறக்குறைய அப்படியே மாடி மாடியாக ஏறுகிறது. ஆனால் தமிழ் நூல்களை மட்டும் இப்படிச் சிதறவிடாமல் இரண்டாம் தளத்தில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். முதலில் மொழி, அப்புறம்தான் பொருள். தமிழில் மட்டுமே படிக்கும் என் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! சமையலோ சட்டமோ சங்க இலக்கியமோ, எதைத் தேடினாலும் அதே தளத்தில் நடந்தால் போதும்.

டூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. அதன் வாலில் 1 சேர்ந்தால் கவிதை, 2 நாடகம், 3 கதை, 4 கட்டுரை, 6 கடிதம். இதைத் தெரிந்துகொண்டு போனால் யாரையும் கேட்காமலே அலமாரியைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த முறைமேல் எனக்குத் தீராத வருத்தமும் உண்டு. ஆங்கில இலக்கியத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830, பிரெஞ்சுக்கு 840 என்று தொடங்கி ஆளுக்குப் பத்துப் பத்து எண்கள். ஈராயிரம் ஆண்டு இலக்கியம் கொண்ட தமிழுக்கு, 890 என்ற 'மற்றவை' வகுப்புக்குள் தசமப் புள்ளி தாண்டி ஓர் இடம். இது நியாயமே இல்லை.

இன்னொரு சிக்கல், நான் விரும்பிப் படிக்கும் கலவையான எழுத்து. ஒருவர் திருநெல்வேலிக்குப் போகிறார், அங்கே சாப்பிட்டதை எழுதுகிறார், நடுவில் பாட்டியின் கதையும் வந்துவிடுகிறது. இது பயணமா (910), சமையலா (641.5), கட்டுரையா? சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் இந்தச் சிக்கலை ஆழமாக யோசித்தவர். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளை அதன் பல முகங்களாகப் பிரித்து, எண்ணுக்குள்ளேயே அவற்றைக் கோத்துக் காட்டியது. புத்தகம் நிற்பது ஓரிடத்தில்தான் என்றாலும், எண்ணைப் படித்தாலே அது எதையெல்லாம் தொடுகிறது என்று ஓரளவு விளங்கும்.

ஆகவே கணினிப் பட்டியலில் தலைப்பை மட்டும் தட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். பொருள் வாரியாகவும் தேடுங்கள். பயண நூல் கேட்டுப் போனால் கட்டுரை அலமாரியையும் ஒரு நடை பாருங்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு முதல் தளத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தரைத்தளத்தில் தனி இடமும் உண்டு.