ஓட்டேரிச் சந்தில் செய்த தேக்கு மேசை

டிசம்பரில் சென்னைக்கு வரும்போது மரச்சாமான் ஏதாவது செய்யக் கொடுக்கும் எண்ணமிருந்தால், வந்து இறங்கிய வாரமே தச்சரைப் பார்த்துவிடுங்கள். நகை, புடவை, பல் மருத்துவர், வங்கி வேலை எல்லாவற்றையும் கடைசி வாரத்தில் ஓடி ஓடி முடித்துவிடலாம். மரவேலையை அப்படி முடிக்க முடியாது. கூலியைக் கூட்டிக் கொடுத்தால் இன்னும் இரண்டு ஆள் வருவார்கள். மரமும் பாலிஷும் காய்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் குறையாது.

நாங்கள் இருப்பது மெல்பர்னில். பெரம்பூரில் அப்பா அம்மா இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு நல்ல சாப்பாட்டு மேசை ஒன்று வேண்டும் என்பது பல வருடப் பேச்சு. பழைய மேசையின் கால் ஆடிக்கொண்டிருந்தது. முழங்கால் வலி உள்ள அப்பா மேசை விளிம்பைப் பிடித்துத்தான் நாற்காலியிலிருந்து எழுகிறார். ஆடுகிற மேசையை நம்பி அவர் எழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் கடைகளுக்குத்தான் போனோம். பெரிய கடை ஒன்றில் அசல் தேக்கு என்று ஒரு மேசையைக் காட்டி, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து விலை சொன்னார்கள். நான் குனிந்து விளிம்பைப் பார்த்தேன். முழு மரப் பலகை என்றால் மேலே ஓடும் ரேகைகள் அறுத்த முனையிலும் இறங்கி, மரத்தின் வளையங்களாகத் தெரிய வேண்டும். அடிப்பக்கத்திலும் தொடர வேண்டும். அந்த மேசையில் ரேகை விளிம்போடு நின்றுவிட்டது. விளிம்பில் தனியாக ஒரு பட்டை ஒட்டியிருந்தது. கால்கள் மட்டும்தான் மரம். மேற்பலகை, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின்மேல் ஒட்டிய மெல்லிய தேக்குத் தோல். அதுவும் ஒரு பொருள்தான், அதற்குரிய விலையில் விற்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முழுத் தேக்கின் விலைக்கு விற்பது மோசடி. ரசீதில் முழுத் தேக்கு என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். மறுத்துவிட்டார்கள். அத்தோடு கிளம்பினோம்.

கீழ் வீட்டுக்காரர் சொல்லித்தான் ஓட்டேரிப் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் தச்சர் கிடைத்தார். அறுபதைத் தொடும் வயது. தம்பி மகனும் இன்னொரு பையனும் கூட வேலை செய்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர், நான் கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்த படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். “ஐயா, எப்போதும் எழுகிற மாதிரியே எழுங்கள்” என்றார். அப்பாவின் கை விளிம்பில் எங்கே படுகிறது, பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு, பழைய மேசையில் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். பிறகுதான் படங்களைக் கேட்டார்.

“அம்மா, இந்தப் படத்தில் பலகை காலைத் தாண்டி ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஐயா மொத்தப் பாரத்தையும் அந்த முனையில் இறக்கினால் மறுமுனை தூக்கப் பார்க்கும். நான் கால்களை மூலைக்குத் தள்ளிவிடுகிறேன்.”

“பார்க்க நன்றாக இருக்குமா அண்ணா?”

“நன்றாக இருக்கும்படி செய்வதற்குத்தானே நான் இருக்கிறேன்.”

சாப்பாட்டு மேசை வழக்கமாக 30 அங்குல உயரம். எங்களுக்கு 29 போதும் என்று அப்பாவின் நாற்காலியை அளந்து முடிவு செய்தார். விளிம்பின் கூர்மையை எடுத்துவிட்டு, விரல்கள் மடங்கிப் பிடிக்க வாகாக அடிப்பக்கத்தை உருட்டுவதாகச் சொன்னார். ஆயத்தமாக விற்கும் மேசை எதிலும் கிடைக்காத வேலை இது. ஊருக்குப் போய்ச் செய்யக் கொடுப்பதன் பயனே இதுதான் என்று நினைக்கிறேன்: உட்காரப் போகிற ஆளைப் பார்த்து அளவெடுக்கிறார்கள்.

மரம் வாங்க வால்டாக்ஸ் சாலைக்கு நானும் அவரோடு போனேன். சென்ட்ரலுக்குப் பக்கவாட்டில் ஓடும் அந்தச் சாலையின் மரக்கடைகளில் தேக்கு என்று கேட்டால், எந்தத் தேக்கு என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அம்மாவின் தலைமுறைக்குத் தேக்கு என்றாலே பர்மாத் தேக்கு. மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டுமரமாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டது. இப்போது ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தோட்டங்களில் வளர்ந்த தேக்கு கப்பலில் வந்து குவிகிறது. கேரளத்து நிலம்பூர்த் தேக்கு ஒரு ரகம். இடித்த வீடுகளின் உத்திரமும் நிலையும் பழைய மரமாக விற்பனைக்கு வருகின்றன. அவை நன்றாகக் காய்ந்து அடங்கியிருக்கும், ஆனால் உள்ளே ஆணி கிடந்தால் ரம்பத்தின் பல் போய்விடும், நீளமும் நம் தேவைக்குக் கிடைக்காது. தோட்டத் தேக்குக்கும் நல்ல பழைய பர்மாத் தேக்குக்கும் எங்களிடம் சொன்ன விலையில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். நாங்கள் எடுத்தது ஆப்பிரிக்கத் தேக்கு.

கன அடிக் கணக்கைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். எங்கள் மேற்பலகை ஐந்தடிக்கு மூன்றடி, கனம் ஒன்றேகால் அங்குலம். 5 × 36 × 1.25 ÷ 144 என்றால் ஏறத்தாழ 1.56 கன அடி. மூன்று அங்குலச் சதுரத்தில் நான்கு கால்களும் அவற்றை இணைக்கும் சுற்றுச் சட்டமும் சேர்ந்து இன்னும் ஒரு கன அடி. அறுப்பிலும் இழைப்பிலும் போகும் சேதாரத்தையும் சேர்த்து மூன்றேகால் கன அடி வாங்கினோம். யாராவது இதே அளவு மேசைக்கு ஆறு கன அடி என்று சொன்னால், எந்தத் துண்டுக்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

சேதாரத்தில் பெரும்பங்கு வெள்ளையை ஒதுக்குவதில் போகிறது. மரத்தின் வெளிப்புற வெளிர்ப் பகுதியைத்தான் தச்சர்கள் வெள்ளை என்கிறார்கள். மரத்தைத் துளைக்கும் உளுப்பூச்சி முதலில் அதைத்தான் தின்னும். வைரம் பாய்ந்த உட்பகுதி பொன்னிறமாக, தொட்டால் லேசான எண்ணெய்ப் பசையோடு இருக்கும். வெள்ளை கலந்த பலகையைச் சாயமடித்து மறைத்துவிட முடியும் என்பதால், சாயம் படுவதற்கு முன் பலகைகளைப் பார்த்துவிட வேண்டும். ஈரம் அளக்கும் சிறு கருவி ஒன்றை நான் மெல்பர்னிலிருந்து கொண்டு போயிருந்தேன். ஒரு அடுக்கில் வைத்தபோது 19 சதவீதம் காட்டியது. சென்னை வீட்டுக்குள் 12, 13 என்ற அளவில் இருந்தால்தான் மரம் முறுக்காமல் அடங்கி நிற்கும். தச்சர் அந்த அடுக்கைக் கருவி வைப்பதற்கு முன்பே, கையால் தூக்கிப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

அப்பாவுக்கு ரோஸ்வுட் என்கிற ஈட்டி மரத்தின்மேல் ஆசை உண்டு. தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். முறையான காகிதம் இல்லாத ஈட்டிக் கட்டையைத் தொட மாட்டேன் என்று தச்சர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். வெளிநாட்டுக்கு எடுத்துப் போக நினைக்கிறவர்களும் கவனிக்க வேண்டும்: அந்த மர இனம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

பட்டறையில் நான் அதிக நேரம் நின்றது சட்டத்தைக் காலில் பொருத்திய அன்றுதான். இவர்களுடைய அளவு நூல் கணக்கு, அங்குலத்துக்கு எட்டு நூல். சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, காலில் உளியால் வெட்டிய துளைக்குள் இறக்க வேண்டும். தம்பி மகன் செதுக்கிய நாக்கு துளைக்குள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பெரியவர் அதை உருவி எடுத்து, “கை அழுத்தத்துக்குப் பாதி இறங்க வேண்டும், மீதி கொட்டாப்புளியின், அதாவது மரச் சுத்தியலின், தட்டுக்கு இறங்க வேண்டும். இது அரை நூல் இளைத்துவிட்டது” என்று சொல்லி அந்தச் சட்டத்தையே ஒதுக்கிவிட்டுப் புதிய கட்டையை எடுத்தார். பசையை அப்பி அந்த இடைவெளியை நிரப்பியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. நான் அங்கே நிற்கிறேன் என்பதற்காகச் செய்ததாகவும் தோன்றவில்லை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மேற்பலகையைச் சட்டத்தோடு நேராகத் திருகி இறுக்கவும் இல்லை. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில் மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். மூன்றடி அகலத் தேக்குப் பலகை இரண்டு நூல் வரை மாறக்கூடும், ஏசி ஓடும் அறையென்றால் இன்னும் கவனம் தேவை. இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஒரு கோடையில் பலகை வெடிக்கும். சட்டத்தின் உட்புறம் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, அதில் நகர்ந்துகொடுக்கும் சிறு மரக் கட்டைகளால் பலகையைப் பிடித்து வைத்தார். வேறு யாரிடம் செய்யக் கொடுத்தாலும், பலகையை எப்படிச் சட்டத்தில் பிடிக்கப் போகிறீர்கள் என்ற கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

இனி பாலிஷ். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் மரச்சாமான் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பாலிஷ் போடுகிறவர் வேறு ஆள், வேறு தொழில். தச்சு வேலை இழுத்துக்கொண்டு போக, விமானம் ஏற நாலு நாள் இருக்கும்போது அவர் கையில் சாமான் போகிறது. நாலு நாளில் முடித்துத் தா என்று நெருக்குகிறோம். அவரும் முடித்துத் தருகிறார். ஆறு மாதம் கழித்து உரிந்து வரும்போது, சென்னைத் தச்சர்கள் சரியில்லை என்று பேசுகிறோம். இது நியாயமே இல்லை.

மூன்று வகை பாலிஷைச் சொன்னார்கள். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணி சுற்றிய பஞ்சால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது பழைய முறை. அதன் பளபளப்புக்கு ஈடில்லை. ஆனால் சூடான ரசப் பாத்திரத்தை வைத்தால் வெள்ளை வளையம் விழுந்துவிடும். அலமாரிக்கும் பூஜை மாடத்துக்கும் அது போதும். மெலமைன் நடுத்தரம். பியு எனப்படும் பாலியூரிதேன் செலவு கூடியது, தண்ணீரையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். சாப்பாட்டு மேசைக்கு அதையே தேர்ந்தெடுத்தோம், மினுமினுப்பு இல்லாத மங்கல் ரகத்தில்.

பூசுவதைவிடத் தேய்ப்பதில்தான் உழைப்பு. பாலிஷ்காரர் உப்புத்தாளில் 80, 120, 180, 220 என்று படிப்படியாக, ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தார். குறுக்கே ஒருமுறை தேய்த்தாலும் அந்தக் கீறல் பாலிஷுக்கு அடியில் நின்றுவிடும். கைப்பேசி விளக்கைப் பலகையோடு படுக்கவைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் கீறலைத் தேடினார். தேக்கின் இயல்பான எண்ணெய் பூச்சை ஒட்டவிடாது என்பதால் தின்னரால் துடைத்தார். பிறகு மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர், 320-ஆம் எண் உப்புத்தாள், மறுபடி சீலர், மறுபடி தேய்ப்பு. அதற்குப் பிறகே மேல்பூச்சு.

அந்தச் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. வடகிழக்குப் பருவமழையின் வால் டிசம்பரிலும் சென்னையை விடுவதில்லை. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது தெளித்தால், தின்னர் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பூச்சு பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும். ஒரு துண்டுப் பலகையில் தெளித்துக் காட்டினார், கண்முன்னே மங்கியது. “வானம் தெளியட்டும் அம்மா, நான் இதைத் தொட மாட்டேன்” என்றார். நான் சரி என்றேன். காத்திருந்த நாட்களுக்கும் கூலி கொடுத்தேன். அது தானமில்லை, அந்த நாட்களில் அவர் வேறு வேலையை ஏற்காமல் இருந்தார். வெயில் வந்தபின் இரண்டு மேல்பூச்சு. தொட்டால் ஒட்டாத நிலை ஒரே நாளில் வந்துவிடும், ஆனால் ஒரு வாரம் கழித்துத்தான் பாத்திரம் வைக்கலாம் என்று சொல்லி, அதுவரை மேலே பிளாஸ்டிக் விரிப்புப் போடவே கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

பண விஷயத்தை முதலிலேயே ஒரு தாளில் எழுதி நானும் தச்சரும் கையெழுத்துப் போட்டோம்: அளவு, மரம், பாலிஷ் வகை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம். மரக்கடைக்கு நானே நேரடியாகக் கொடுத்தேன். கூலியில் ஒரு பங்கு முன்பணம், சட்டம் பொருத்தியதும் ஒரு பங்கு, பாலிஷ் முடிந்தபின் மீதி. அவர் இதற்குமுன் எழுதி வாங்கியதில்லையாம், மறுக்கவும் இல்லை. கூலியில் நான் பேரம் பேசவில்லை. மெல்பர்னில் இதே வேலைக்கு மாதக்கணக்கில் வரிசையில் நின்று, சொன்ன தொகையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். உளி பிடித்த கை ஓட்டேரியில் இருந்தால் மட்டும் அதில் பாதியைக் குறைக்கச் சொல்வது எந்த வகையில் சரி?

குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டியில் ஏற்றி, லிஃப்டில் நுழையாததால் படியில் தூக்கி, மேசை வீடு வந்து சேர்ந்தது. அப்பா விளிம்பைப் பிடித்து எழுந்து பார்த்தார். மேசை அசையவில்லை.

மிஞ்சிய தேக்கில் அம்மா உட்காரும் மணை ஒன்றைச் செய்து எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவுக்குள் எந்த மரப்பொருளைக் கொண்டுவந்தாலும் வருகை அட்டையில் அறிவிக்க வேண்டும். பட்டையோ பூச்சித் துளையோ இருக்கக் கூடாது. நான் அறிவித்தேன், திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்து அப்பாவின் புத்தகங்களுக்கு ஒரு அலமாரி. அதற்கான மரத்தை இப்போதே வாங்கிவிட்டோம். பலகைகளின் முனைகளில் மெழுகு பூசி, இடையில் குச்சி கொடுத்து, காற்று போகும்படி பட்டறைப் பரணில் தச்சர் அடுக்கியிருக்கிறார். அடுத்த முறை நான் வருவதற்குள் அவை காய்ந்து அடங்கியிருக்கும். அலமாரிக்கு அரக்கு பாலிஷ் போதும் என்று பேசி வைத்திருக்கிறோம். அதையும் மழை விட்டபிறகு, தை பிறந்துதான் பாலிஷ்காரர் தொடங்குவார்.