இறுகிய பேட்டரி நட்: ஆப்ப சோடாவா, ஸ்பிரேயா?

கார் பேட்டரி நட் அசையவில்லையா? சுத்தியலைத் தொடாதீர்கள், ஈய முனை (டெர்மினல்) ஒடிந்துவிடும். கழற்றும்போது மைனஸ்தான் முதலில்.

செலவு:
சோடா சமையலறையிலேயே இருக்கும்.
துருநீக்கி ஸ்பிரேக்குச் சில நூறு ரூபாய்.

வேலை:
டெர்மினலில் பூக்கும் வெள்ளை, பச்சைப் படிவு அமிலத்தால் வருவது. சோடா கலந்த வெந்நீர் நுரைத்து அதை முறிக்கும். ஆனால் பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது.
ஸ்பிரே அமிலத்தை முறிக்காது. மரைக்குள் இறங்கித் துருவை இளக்கும். கால் மணி நேரமாவது பொறுங்கள். தீப்பொறி கிட்டே வேண்டாம்.

எட்டுமா:
பேட்டரியை அசையாமல் பிடித்திருக்கும், அடியில் ஒளிந்திருக்கும் போல்ட்டுக்குச் சோடா நீர் சரிப்படாது.
ஸ்பிரேயின் மெல்லிய குழாய் எட்டும். அப்புறம் நீண்ட எக்ஸ்டென்ஷன் கம்பியில் அறுமுனை சாக்கெட் போட்டுத் திருப்புங்கள்.

பூத்துப்போன டெர்மினலுக்குச் சோடா, துருப்பிடித்த அடி போல்ட்டுக்கு ஸ்பிரே. இதுவே என் தேர்வு.