நியூக்ளியர் பார்மசி சான்றிதழ் படிப்பு: பாடம் நன்று, விளம்பரம் மோசம்

அமெரிக்காவில் பார்மசிஸ்ட் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் நியூக்ளியர் பார்மசிக்கு (ஸ்கேன், சிகிச்சைக்கான கதிரியக்க மருந்துகளைத் தயாரிக்கும் துறை) மாறுவதற்கென்று ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் சான்றிதழ் படிப்பு இது. பெரும்பகுதி ஆன்லைன், லேபுக்கு மட்டும் நேரில் போக வேண்டும். பாடத்துக்கு 5க்கு 4 போடுவேன், விளம்பரத்துக்கு 1 போடக்கூட மனசு வரவில்லை.

விளம்பரத்தைப் பார்த்தால், படிப்பை முடித்த கையோடு வேலையில் உட்கார்ந்துவிடலாம் போலத் தோன்றும். என்.ஆர்.சி. (அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி ஆத்தரைஸ்டு, அதாவது அங்கீகாரம் பெற்ற, நியூக்ளியர் பார்மசிஸ்ட் ஆக 700 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதில் வகுப்பும் லேபுமாக இவர்கள் தருவது 200 மணி நேரம்தான். மீதியை நிஜமான ஒரு நியூக்ளியர் பார்மசியில் பிரிசெப்டர் (பயிற்சி தரும் நியூக்ளியர் பார்மசிஸ்ட்) மேற்பார்வையில் செய்து, அவரிடம் எழுத்துபூர்வமாகச் சான்றும் வாங்க வேண்டும். அந்த இடத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டும் என்பதைப் பணம் கட்டின பிறகுதான், அதுவும் நான் கேட்டதால், மெயிலில் சொன்னார்கள். சேர நினைப்பவர்கள் முதலில் இடம் கிடைக்குமா என்று பாருங்கள், அப்புறம் கட்டணம் கட்டலாம்.

சரி, பாடத்துக்கு வருவோம். கதிரியக்க இயற்பியலை இவ்வளவு தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை. ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீஷியம்-99எம் அரை ஆயுள் 6 மணி நேரம், அதாவது அந்த நேரத்தில் கதிரியக்கம் பாதியாகிவிடும், அதனால் காலை 7 மணிக்கு நோயாளிக்கு 20 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) போக வேண்டுமென்றால் இரவு 1 மணிக்கு சிரிஞ்சில் 40 இருக்க வேண்டும் என்று தொடங்கி, கணக்கு தூக்கத்திலும் வருகிற அளவுக்குப் போட வைக்கிறார்கள். இந்த வேலையில் ஏன் பாதி ராத்திரி ஷிப்ட் என்பதும் அதிலேயே புரிந்துவிடும்!

லேப் அதைவிட நன்றாக இருந்தது. ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஜெனரேட்டரிலிருந்து (மாலிப்டினம் சிதைந்து டெக்னீஷியமாக மாறும் கருவி) டெக்னீஷியத்தை இறக்கி, கூடவே மாலிப்டினம் கசிந்திருக்கிறதா என்று கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் காலிபிரேட்டரில் பார்க்க வேண்டும். ஒரு மில்லிகியூரி டெக்னீஷியத்துக்கு மாலிப்டினம் 0.15 மைக்ரோகியூரியைத் தாண்டினால் அதை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. விரலில் கதிர்வீச்சை அளக்கும் மோதிர டோசிமீட்டர், சிரிஞ்சுக்கு டங்ஸ்டன் உறை, அந்தக் கனத்தோடு அளவுக்கோட்டைப் பார்த்து மருந்து இழுப்பது கைக்குப் பழக நேரமாகும், கூட வந்தவர்கள் எல்லாரும் அதில்தான் திணறினார்கள். குறை என்றால் கதிரியக்க உயிரியல் பாடம், ஸ்லைடை அப்படியே வாசிக்கிறார்கள், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினேன்.

நம்ம ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு: இதற்கு முன்னால் அமெரிக்க லைசென்ஸ் வேண்டும். 2003 முதல் நாலு வருஷ பி.பார்ம் மட்டும் முடித்தவர்களுக்கு எஃப்.பி.ஜி.இ.சி. (வெளிநாட்டில் பார்மசி படித்தவர்கள் அந்த லைசென்ஸுக்கு முன் வாங்க வேண்டிய சான்றிதழ்) தகுதியே கிடைக்காது, அவர்கள் 5 வருஷப் படிப்பு கேட்கிறார்கள். ஆறு வருஷ ஃபார்ம்.டி. என்றால் விண்ணப்பிக்கலாம். நியூக்ளியர் பார்மசி நிபுணர்களுக்கான போர்டு சான்றிதழான பி.சி.என்.பி. தனி, அதற்கு 4,000 மணி நேர அனுபவமும் ஒரு தேர்வும் உண்டு, இந்தப் படிப்பில் சேரும்போது அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.