வீட்டில் கையால் இழுக்கும் சீன நூடுல்ஸ்: லான்சோ முறையா, சிஆன் முறையா?

கையால் இழுத்துச் செய்யும் நூடுல்ஸில் சீனாவின் வடமேற்கே புகழ்பெற்ற இரண்டு முறைகள், கான்சு மாகாணத் தலைநகர் லான்சோவின் மெல்லிய லாமியனும், ஷான்சி மாகாணத்துச் சிஆன் நகரைச் சுற்றி உண்ணப்படும் அகலமான பியாங்பியாங் பட்டையும் ஆகும். சில மாதங்கள் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தபின் நான் பியாங்பியாங்கில் நிலைத்துவிட்டேன்.

மைதா, தண்ணீர், உப்பு ஆகியவை இரண்டுக்கும் பொது. சுவையிலும் எதையும் குறைசொல்ல முடியாது. வேறுபாடு மாவின் பதத்தில் இருக்கிறது. லாமியனில் ஒரே உருளையை இழுத்து, இரண்டாக மடித்து, மறுபடி இழுக்க வேண்டும். ஏழு மடிப்பில் 128 இழைகள் வரும். ஆனால் மாவு தன் சுருங்கும் குணத்தை முற்றிலும் இழந்தால்தான் ஏழாவது மடிப்பு வரை அறாமல் நீளும். அதற்காக லான்சோவில், வறண்ட நிலத்துச் செடியை எரித்தெடுக்கும் பெங்ஹுய் என்ற காரத்தன்மையுள்ள (ஆல்கலி) சாம்பலை மரபாகச் சேர்த்தார்கள். இன்றைய கடைகள் பலவற்றில் அதற்கென ஆலையில் தயாராகும் பொடி புழங்குகிறது. இரண்டையும் நான் பயன்படுத்தியதில்லை என்பதால், அவை கிடைப்பவருக்கு என் முடிவு பொருந்தாமல் போகலாம். சமையல் சோடாவைக் கொண்டு நான் செய்தபோது மூன்றாவது மடிப்பைத் தாண்டவில்லை.

பியாங்பியாங்கில் இந்த வேலையைப் பொருளோ கைத்திறனோ செய்வதில்லை, காத்திருப்பே செய்கிறது. 300 கிராம் மைதாவுக்கு 150 மில்லி தண்ணீரும் 3 கிராம் உப்பும் சேர்த்துப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்து, மீண்டும் பிசைந்து, விரல் நீளத் துண்டுகளாக்கி, எல்லாப் பக்கமும் எண்ணெய் தடவிக் குறைந்தது இரண்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். பிசையும்போது இறுகிய பசையம் (மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் புரதம்) அந்த நேரத்தில் தளர்கிறது, எண்ணெய் மேற்புறம் காய்ந்து தோல் கட்டாமல் காக்கிறது; பரோட்டா மாவை எண்ணெயில் ஊறப்போடுவதும் இதே காரணத்தால்தான். பிறகு துண்டைத் தட்டையாக்கி, நடுவே சாப்ஸ்டிக்கால் ஒரு கோடு அழுத்தி, இரு முனைகளையும் பிடித்துப் பலகையில் அறைந்தபடி இழுத்து, கோட்டின் வழியே கிழித்தால் நீண்ட வளையமாக விரியும். இழுக்கையில் மாவு சுருங்கினால் பலத்தைக் கூட்டாதீர்கள். இன்னும் இருபது நிமிடம் விட்டுவிட்டு வாருங்கள். முதல் முறை நான் அவசரப்பட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்ததில் பாதிப் பட்டைகள் நடுவில் அறுந்தன. அதே அளவுகளை இரண்டரை மணி நேரம் விட்டபோது ஒன்றுகூட அறவில்லை.

மேலே போடும் இறைச்சிக்கும் பட்டையே ஏற்றது. லாமியன் தெளிந்த மாட்டிறைச்சிச் சாற்றுக்காக உருவானது, அந்த எலும்புச் சாறுக்கே பல மணி நேரம் வேண்டும். ஷான்சியின் சாவோசி அப்படியல்ல: கொழுப்புள்ள பன்றி இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கொழுப்பு உருகும்வரை சிறு தீயில் வதக்கி, இஞ்சி, அன்னாசிப்பூ, சோயா சாஸ், தாராளமாகக் கறுப்பு வினிகர் சேர்த்து வேகவிட்டு, மிளகாய்த்தூளைக் கருகாதபடி கடைசியில் போடுகிறார்கள். மாவு ஊறும் நேரத்திலேயே இது தயாராகிவிடுகிறது. புளிப்பும் கொழுப்பும் அகலமான பட்டையின் சொரசொரப்பான கிழிந்த விளிம்பில் பற்றிக்கொள்கின்றன.

சூப்பில் மிதக்கும் மெல்லிய இழைதான் வேண்டும் என்பவருக்கு லாமியனுக்கு மாற்று இல்லை.