லேசர் கிளாடிங்குக்கு ஸ்டெல்லைட் 6 பவுடர்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

பவுடரை லேசரால் உருக்கி, உலோகப் பரப்பின் மேல் கடினமான படலமாகப் பதிப்பதுதான் லேசர் கிளாடிங். அதற்கான பவுடர்களில் ஒன்று ஸ்டெல்லைட் 6. கோபால்ட் அடிப்படை, குரோமியம் 28 சதவீதத்தை ஒட்டி, டங்ஸ்டன் 4 முதல் 5, கார்பன் சுமார் 1.2. அதன் கணக்கு இவ்வளவுதான். வால்வு சீட், பம்ப் ஸ்லீவ் போல உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்திலும், 500 டிகிரி சூட்டிலும் கடினம் பெரிதாகக் குறையாமல் நிற்கும். ஒழுங்காகப் போட்டால் 45 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு) எளிதில் கிடைக்கும். விலைதான் கையைக் கடிக்கும்.

வாங்கும்போதே துகள் அளவைப் பார்க்க வேண்டும். லேசருக்கு 53 முதல் 150 மைக்ரான், கேஸ் அட்டமைஸ் செய்த (உருகிய உலோகத்தை வாயுவால் சிதறடித்த) உருண்டைத் துகள். அதே பெயரில் 15–45 மைக்ரானும் வருகிறது. அது எச்விஓஎஃப் ஸ்ப்ரேக்கானது, அதாவது அதிவேகச் சுடரில் பவுடரை வீசிப் பூசும் முறைக்கு. மலிவாகக் கிடைத்தது என்று அதை லேசர் நாசிலில் ஊட்டினால் ஓட்டம் விட்டுவிட்டு வரும், படலத்தில் துளை விழும். ஈரமும் இதே வேலையைச் செய்யும். டப்பா திறந்து கிடந்திருந்தால் 110 டிகிரியில் 2 மணி நேரம் காயவைத்து ஹாப்பரில் கொட்டுவது நல்லது.

படலம் சீக்கிரம் தேய்ந்துபோனால் பழி பெரும்பாலும் பவுடர் மேல்தான் விழுகிறது. உண்மையான குற்றவாளி, அடி ஸ்டீல் உருகிக் கலந்து படலத்துக்குள் மேலேறி வரும் இரும்பு. லேசரின் லாபமே அந்தக் கலப்பை 5 சதவீதத்தை ஒட்டி நிறுத்தலாம் என்பது; பவரை ஏற்றி அடித்தால் அந்த லாபம் போய்விடும். 100 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்டுக்கு 4 மி.மீ. ஸ்பாட் (லேசர் விழும் வட்டம்), 3 கிலோவாட், நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகம், 20 கிராம் பவுடர், ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகர்வு என்று தொடங்கலாம். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1.9 சுற்று சுற்றும், படலம் 1.6 மி.மீ. எழும். பாதி நீளம் போனபின் ஜாப் சூடேறியிருக்கும். அதே பவரில் விட்டால் கடைசிப் பகுதியில் கலப்பு கூடும். 5 முதல் 10 சதவீதம் குறைக்க வேண்டும். கிரைண்டிங் முடிந்த முகத்தில் பிஎம்ஐ கன் (உலோகக் கலவையை அளக்கும் கைக்கருவி) வைத்து இரும்பைப் பாருங்கள். பவுடரிலேயே 2–3 சதவீதம் இருக்கலாம். அளவு 10-ஐ நெருங்கினால் அந்தப் படலத்தை நம்ப வேண்டாம்.

அடுத்த தலைவலி விரிசல். ஆறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டாலே தெரிந்துவிடும். ஓட்டத்துக்குக் குறுக்கே மயிரிழை போல ஓடியிருக்கும். கார்பைடு (கார்பன் சேர்ந்த கடினத் துகள்) நிறைந்த படலம் சுருங்கும்போது இழுபடுகிறது, நெகிழ்ந்துகொடுக்க அதற்குத் தெம்பு இல்லை. இஎன்19 போன்ற குரோம்-மாலிப்டினம் ஸ்டீலில் சூடுபட்ட பகுதி மார்ட்டென்சைட்டாக (கடினமான, நொறுங்கும் அமைப்பாக) இறுகுவதால் நிலைமை இன்னும் மோசம். 250–300 டிகிரிக்கு முன்சூடு கொடுத்து, முடிந்தவுடன் வெர்மிகுலைட்டில் (சூட்டை மெல்ல விடும் தாதுத் துகளில்) புதைத்துவிட்டு மறுநாள் எடுக்க வேண்டும். மேலே தீ காட்டினால் போதாது, உள்ளே வரை சூடு இறங்கணும். டை பெனட்ரன்ட் சோதனையைக் (சாயம் தடவி விரிசலைக் காட்டுவது) கிரைண்டிங்குக்கு முன்னும் பின்னும் செய்யாத ஜாப் ஒர்க்கை ஏற்காதீர்கள்.

மணல் கலந்த குழம்பு ஓடும் பம்புக்கு இது சுமார்தான். அங்கே நிக்கல் கலவையில் டங்ஸ்டன் கார்பைடு கலந்த பவுடர் மேல். சட்டென்று சூடாகி சட்டென்று ஆறும் இடத்துக்கு, கார்பன் குறைந்த ஸ்டெல்லைட் 21. கடினம் குறைவு, ஆனால் விரிசலுக்கு எளிதில் மசியாது. ஸ்டெல்லைட் 12-ஐ எடுத்தால் கடினம் கூடும், விரிசலும் கூடவே வரும். அணு உலை நீர் சுற்றில் கோபால்ட்டையே தவிர்ப்பார்கள்: தேய்ந்த துகள் உலைக்குள் போய் கோபால்ட்-60 ஆகிவிடும்.

மேலே சொன்ன ஷாஃப்டில் 200 மி.மீ. நீளம் போட 1 கிலோவுக்குச் சற்று மேல் பவுடர் பிடிக்கும், ஐந்தில் ஒரு பங்கு சிதறல் உட்பட. சிதறியதைச் சல்லடையில் சலித்துத் திரும்ப ஊட்டுவதை முக்கிய ஜாப்களில் செய்ய வேண்டாம், ஆக்சைடு சேர்ந்திருக்கும். பக்கத்துக்கு 0.4 மி.மீ. விட்டு, சிபிஎன் (க்யூபிக் போரான் நைட்ரைடு) இன்சர்ட்டில் கடைந்து, கிரைண்டிங்கில் முடிக்கலாம்.